நெடுநாள் உறுப்பினரை எடைபோடும் மதிப்பெண் பட்டியல்

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸில் முப்பது நாற்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்த ஒருவர் உருப்படியாக என்ன செய்தார் என்று கட்சி சாராமல் அறிய விரும்புவோருக்கு, வர்ஜீனியா, வாண்டர்பில்ட் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த சென்டர் ஃபார் எஃபெக்டிவ் லாமேக்கிங் என்ற ஆய்வு மையம் இலவசமாக வெளியிடும் மதிப்பெண் பட்டியலை நான் பரிந்துரைப்பேன். 1973 முதல் அங்கே இருந்த உறுப்பினர்களுக்கு, ஈராண்டுக்கு ஒன்றாக (ஈராண்டு அவைக்காலம் ஒவ்வொன்றையும் ஒரு காங்கிரஸ் என்றே அழைப்பார்கள்) மதிப்பெண் தரப்பட்டிருக்கிறது.

ஒருவர் கொண்டுவந்த மசோதா அறிமுகத்தோடு நின்றதா, குழுவில் எடுத்துக்கொள்ளப்பட்டதா, அதையும் தாண்டிச் சபையில் நிறைவேறியதா, சட்டமானதா என்று படிப்படியாகக் கணக்கிடுகிறார்கள். தபால் நிலையத்துக்குப் பெயர் சூட்டும் மசோதாவுக்கு ஒரு பங்கு மதிப்பு என்றால், சாதாரணக் கொள்கை மசோதாவுக்கு ஐந்து, முக்கியமானதற்குப் பத்து.

இதைவிட எனக்குப் பிடித்தது, ஒவ்வொருவருக்கும் வைத்திருக்கும் எதிர்பார்ப்பு அளவு. பணிமூப்பு, பெரும்பான்மைக் கட்சியில் இருப்பது, குழுத் தலைமை ஆகிய மூன்றையும் வைத்து அதைக் கணிப்பதால், பழம்பெருமையை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் இங்கே தேறிவிட முடியாது. அந்த அளவில் பாதியைக்கூட எட்டாதவர், எத்தனை முறை வென்றவரானாலும், எதிர்பார்ப்புக்குக் கீழே என்றே குறிக்கப்படுகிறார்.

ஆனால் ஜான் டிங்கெல் போன்றவரை இந்தப் பட்டியலால் முழுமையாக அளக்க முடியாது. 1955 முதல் 2015 வரை பிரதிநிதிகள் சபையில் இருந்த அவருடைய முதல் பதினேழு ஆண்டுகள் பட்டியலின் தொடக்கத்துக்கு முந்தையவை. தந்தையின் வழியில் அவர் ஒவ்வொரு காங்கிரஸிலும் தவறாமல் கொண்டுவந்த தேசிய மருத்துவக் காப்பீட்டு மசோதா, சட்டமாகாததால், இந்தக் கணக்கில் பெரிதாக எதையும் சேர்க்காது. எரிசக்தி, வணிகக் குழுவின் தலைவராக அவர் அரசுத் துறைகளுக்குக் கடிதம்மேல் கடிதம் எழுதி அதிகாரிகளை நடுங்கவைத்த விசாரணைகளுக்கோ மதிப்பெண்ணே கிடையாது. மோசமான மசோதாவைத் தடுத்தவருக்கும் இதே கதிதான்.

ஒருவரின் மசோதா வாசகம் வேறொருவரின் பெரிய மசோதாவுக்குள் புகுந்து சட்டமானால் முன்பு அதற்கும் பலன் இல்லாதிருந்தது. அண்மைக் காங்கிரஸ்களுக்கான புதிய கணக்கீட்டில் இதைச் சரிசெய்துவிட்டார்கள் என்றாலும், பழைய ஆண்டுகளோடு ஒப்பிடுபவர் இரண்டு முறைகளின் எண்களையும் கலந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.