ஒய்ஜேஎஸ்: கூட்டு எடிட்டிங்குக்கு நம்பி எடுக்கலாம், தமிழ் என்றால் கொஞ்சம் கூடுதல் வேலை

ஒரே ஆவணத்தில் நாலு பேர் சேர்ந்து டைப் செய்ய வேண்டும், நெட் போனாலும் வேலை நிற்கக் கூடாது என்றால் முதலில் எடுத்துப் பார்க்க வேண்டிய ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி ஒய்ஜேஎஸ் (Yjs). கெவின் யான்ஸ் உருவாக்கியது, இலவசம். அடிப்படை, பலர் ஒரே நேரத்தில் செய்யும் மாற்றங்களை முரணில்லாமல் இணைக்க 2016-ல் வெளியான யாட்டா (YATA) அல்காரிதம்.

எழுத்து எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று இது குறித்து வைப்பதில்லை. அடித்தவரின் கிளையன்ட் எண் (அவர் பக்கத்து பிரவுசருக்கான அடையாளம்), அவருடைய வரிசை எண், செருகும்போது இடமும் வலமும் இருந்தவை: பதிவாவது இவைதான். அதனால் அப்டேட்கள் முன்பின்னாக வந்தாலும், ஒன்றே இரண்டு தடவை வந்தாலும் கடைசியில் எல்லோருக்கும் ஒரே வாசகம்தான். ஒருவர் தொடர்ந்து அடிப்பதை ஒரே துண்டாகச் சேர்த்துவிடுவதால் ஃபைலும் வீங்குவதில்லை. பலரும் அளவுகோலாக வைக்கும் ஓர் எடிட்டிங் பதிவில் சுமார் 2,60,000 மாற்றங்கள். மிஞ்சும் வாசகம் ஏறத்தாழ 1,05,000 எழுத்துகள். ஒய்ஜேஎஸ் சேமிப்பது 160 கேபி அளவில். அழித்தவற்றின் தடயமும் இதில் அடக்கம் என்பதால் பிரமாதம்தான்.

சறுக்குவது பெரும்பாலும் தொடக்க வாசகத்தில். ஒவ்வொரு பிரவுசரும் காலி ஆவணத்தில் அதே மாதிரி வாசகத்தைச் செருகினால் அது இரட்டிப்பாகும். சொற்கள் ஒன்றானாலும் அடையாள எண்கள் வேறு. சர்வரில் ஒரே ஒரு முறை உருவாக்கிவிட்டு மற்றவர்களுக்கு அனுப்புங்கள். பத்தியை வெறும் சரமாக (string) ஒய்.மேப்பில், அதாவது பெயருக்கு ஒரு மதிப்பு என வைக்கும் வகையில், போடவே வேண்டாம்: இருவர் ஒரே நேரத்தில் திருத்தினால் ஒருவருடையது சத்தமில்லாமல் போய்விடும். எழுத்து எழுத்தாக இணைக்கத்தான் ஒய்.டெக்ஸ்ட் என்ற வகை.

தமிழில் சிக்கல் வேறு மாதிரி. யூனிகோடில் 'பா' என்பது ப, பின்னால் துணைக்கால் என இரண்டு குறியீடுகள். 'பல்' என்பதை ஒருவர் 'பால்' என்றும் இன்னொருவர் 'புல்' என்றும் ஒரே நேரத்தில் மாற்றினால், ஒரே ப-வுக்குப் பின்னால் இரண்டு உயிர்க்குறிகளும் வந்து உட்காரும். திரையில் 'பாுல்' போல, புள்ளி வட்டத்தோடு. ஒய்ஜேஎஸ் கணக்கில் இது சரியான இணைப்பே. எடிட்டரை ஒய்ஜேஎஸ்ஸோடு இணைக்கும் நிரலில், ஜாவாஸ்கிரிப்டிலேயே இருக்கும் இன்டல்.செக்மென்டரால் (Intl.Segmenter) முழு எழுத்தாகப் பிரித்து, பழைய 'ப'-வை நீக்கி 'பா'-வைச் செருகும்படி மாற்றினால் 'பாபுல்' கிடைக்கும். அபத்தம்தான், ஆனால் கண்ணில் பட்டுவிடும், திருத்தலாம். கூடவே 'கொ'-வின் உயிர்க்குறி ஒரே குறியீடாகச் சேர்ந்த வடிவில் நீளம் 2, இரண்டு குறியீடுகளாகப் பிரிந்த வடிவில் 3. செருகுமுன் எல்லாப் பக்கமும் என்எஃப்சி (NFC) எனும் சேர்ந்த வடிவுக்கு ஆக்குங்கள், இல்லையென்றால் தேடலில் சில சொற்கள் சிக்காது.

பழைய பதிப்புகளைத் திரும்பப் பார்க்க வேண்டுமானால் ஆவணத்தைத் தொடங்கும்போதே ஜிசி-யை (gc, கழிவு நீக்கம்) அணைத்துவிட வேண்டும். கழிவு நீக்கம் நடந்தபின் அழித்த வாசகம் மீளாது. செய்ததைத் திரும்பப் பெற உதவும் அண்டூ மேனேஜர் இயல்பாக 500 மில்லிசெகண்டுக்குள் நடந்தவற்றை ஒரே படியாகச் சேர்க்கும், அது போதும். பிரவுசர்களை சர்வர் வழியாக இணைக்கும் ஒய்-வெப்சாக்கெட்டோடு நீங்கள் பழகிப் பார்த்த எளிய சர்வரை அப்படியே மக்கள் பயன்பாட்டுக்கு விடாதீர்கள்: யார் எழுதலாம் என்ற அனுமதிச் சோதனையை நீங்களே எழுத வேண்டும், சேமிப்பையும் தனியாக இணைக்க வேண்டும்.