பாகிஸ்தானும் வங்கதேசமும்: வளர்ச்சி, ஆட்சி, பெருமிதம்

1971-இல் பிரிந்தபோது பாகிஸ்தானைவிட ஏழையாக இருந்த வங்கதேசம், ஆயத்த ஆடை ஏற்றுமதியாலும், அத்தொழிலில் சேர்ந்த லட்சக்கணக்கான பெண்களாலும், வீடு வீடாகச் சென்று கருத்தடை மாத்திரை வழங்கிய களப்பணியாளர்களாலும் தனிநபர் வருமானத்தில் அந்நாட்டையே முந்தியது. அந்த ஆடைகளுக்குக் கொடுத்த விலையும் சிறிதன்று: 2013-இல் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

ஆட்சிமுறையில் இரண்டையுமே மெச்ச இயலாது. பாகிஸ்தானில் எந்தப் பிரதமரும் ஐந்தாண்டுக் காலத்தை முழுமையாக நிறைவு செய்ததில்லை. வங்கதேசத்தில் 15 ஆண்டுகள் தொடர்ந்து ஆண்ட ஷேக் ஹசீனா, 2024 ஆகஸ்டில் மாணவர் கிளர்ச்சியால் நாட்டைவிட்டே வெளியேறினார்.

பாகிஸ்தான் 1998 மே 28 அணுகுண்டுச் சோதனையை ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. தருவதாக இருந்த கடனை உலக வங்கி கைவிட்ட பிறகு, சொந்தப் பணத்தில் கட்டி 2022-இல் திறந்த 6.15 கிலோமீட்டர் பத்மா ஆற்றுப் பாலமே வங்கதேசத்தின் பெருமிதம். மக்களுக்குப் பயன்படுவது பின்னதே. ஆனால், அதன் ரயில் பாதைத் திட்டத்துக்குச் சீனக் கடன் தேவைப்பட்டது.