பகல் தூக்கத்துக்குச் சத்திரசிகிச்சையா, குளிசையா?

கல்லடிப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டும்போதே கண் சொருகினால், "ஒப்பரேசன் செய்தால் சரியாகுமா?" என்றுதான் பலரும் கேட்பார்கள். காரணத்தைப் பொறுத்தது. இரவில் குறட்டை, இடையிடையே மூச்சுத் தடை என்றால் அது தூக்கத்தில் மூச்சுவழி அடைபடும் நோய். அப்படி அடைக்கும் வீங்கிய டொன்சிலை எடுத்தால் பிள்ளைகள் பலருக்குப் பகல் தூக்கமும் குறையும்.

பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் மூளை நோயான நார்கோலெப்சி அப்படியல்ல. அதன் முதல் வகையில், விழிப்பைத் தாங்கிப் பிடிக்கும் ஒரெக்சினைச் சுரக்கும் மூளைக் கலங்கள் பெருமளவு அழிந்துபோகின்றன. 2000இல்தான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அழிந்ததை எந்தக் கத்தியும் திருப்பித் தராது. (மூளைக் கட்டியால் வருவது அபூர்வம், அது தனிக் கதை.) ஆகவே மொடாஃபினில் போன்ற குளிசையும், நேரம் குறித்த 20 நிமிடக் குட்டித் தூக்கமும்தான் வழி. நோய் போகாது, நாளைச் சமாளிக்கலாம்.

இரண்டு நோயும் ஒருவருக்கே இருக்கலாம். அதனால் ஒப்பரேசனுக்குத் திகதி கேட்குமுன் தூக்கப் பரிசோதனை பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். அதுவரை வண்டியை வேறு யாராவது ஓட்டட்டும்.