பேய் உண்டு, வெந்நீர் ஏழு மணிக்குத்தான்

ஸ்வீடனிலிருந்து ஜனவரியில் கோவைக்கு வருகிறவன் வெயிலைத் தேடித்தான் வருவான். எனக்கோ வெள்ளைக்காரர் காலத்து மலை ஓட்டல் ஒன்றில் ஒருமுறையாவது தங்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. பேய்க்கதை உள்ள ஓட்டலாக இருந்தால் இன்னும் நல்லது. அத்தையையும் கூட்டிக்கொண்டு ஊட்டிக்குக் கிளம்பினேன்.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நீலகிரிக்குள் நுழையும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும். வெளிநாட்டுத் தொலைபேசி எண் மட்டும் வைத்திருப்பவர்கள் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே பதிவு செய்துகொள்ளலாம். சிக்கல் எதுவும் இல்லை. சோதனைச் சாவடியில் இ-பாஸைவிடப் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைத்தான் மும்முரமாகத் தேடினார்கள். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு இ-பாஸ் கவலையே இல்லை. 1908 முதல் ஊட்டி வரை ஓடும் மலை ரயிலில் இடம் பிடிப்பதைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள். முன்பதிவு திறந்த கையோடு தீர்ந்துவிடுகிறது.

ஓட்டலின் பெயர் வேண்டாம். வரவேற்பில் என் ஓ.சி.ஐ. அட்டையை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) பார்த்ததும் வெளிநாட்டவருக்கான சி படிவத்தை நிரப்பத் தொடங்கினார்கள். பாஸ்போர்ட் நகல், எங்கிருந்து வருகிறீர்கள், அடுத்து எங்கே போகிறீர்கள் என்று நீண்டுகொண்டே போனது. விதி அதுதான், குறை சொல்ல முடியாது. அத்தைக்குத்தான் பொறுக்கவில்லை. "சிங்காநல்லூரில் பிறந்தவனிடமா இதையெல்லாம் கேட்கிறீர்கள்?" என்று மேலாளரிடம் சண்டைக்குப் போய்விட்டார். இணையதளத்தில் காட்டியது தேக்குத் தளமும் கணப்படுப்பும் உள்ள பழைய பகுதி. கொடுத்ததோ பின்புறம் புதிதாகக் கட்டிய அறை. ஒரு மணி நேரம் வாதாடிய பிறகுதான் பழைய பகுதிக்குச் சாவி வந்தது.

ஸ்டாக்ஹோமில் வெளியே மைனஸ் பத்து என்றாலும் வீட்டுக்குள் பனியனோடு திரியலாம். இங்கே வராந்தாவைவிட அறைக்குள்தான் குளிர் அதிகம். ஹீட்டர் இல்லை. கணப்படுப்புக்கு ஒரு கூடை விறகு 500 ரூபாய். ஈர விறகு, அனலைவிடப் புகைதான் மிஞ்சியது. வெந்நீர் காலை ஏழு முதல் ஒன்பது வரை மட்டும். இந்த வாடகைக்கு இது அநியாயம்.

பேயைப் பற்றிக் கேட்டதும் மேலாளரின் முகம் மாறியது. "அதெல்லாம் யூடியூபில் கிளப்பிவிடுவது சார்," என்றார். ஊட்டியில் இப்படிக் கிளம்பிய கதைகளில் பெயர்பெற்றது பெர்ன்ஹில் அரண்மனையைப் பற்றியது. படப்பிடிப்புக்கு வந்த ஹிந்திப் படக்குழு ஒன்று இரவெல்லாம் மாடியில் மேசை நாற்காலி இழுபடும் ஓசையைக் கேட்டதாம். காலையில் விசாரித்தால் கட்டடத்துக்கு மேல்தளமே இல்லையாம்.

எங்கள் ஓட்டலின் கதை, தேநீர் கொண்டுவந்த வயதான பணியாளரிடம் இருந்தது. தட்டை வைத்துவிட்டுக் கதவை ஒருக்களித்துச் சாத்தினார். தோட்டத் துரைமார் தங்கிய காலத்தில் இரவில் பூட்ஸைக் கதவுக்கு வெளியே கழற்றி வைப்பார்களாம். பையன் ஒருவன் எடுத்துப் போய்ப் பாலீஷ் போட்டு, விடிவதற்குள் திரும்ப வைத்துவிடுவானாம். ஒரு துரை இந்த வராந்தாவின் கடைசி அறையிலேயே காய்ச்சலில் இறந்துபோனார். இன்றும் சில இரவுகளில் அந்தக் கதவுக்கு வெளியே பூட்ஸ் வைக்கிற சத்தம் கேட்கிறதாம். போய்ப் பார்த்தால் பூட்ஸ் இருக்காது, பாலீஷ் வாசனை மட்டும் இருக்குமாம். இதைச் சொன்னபோது அவர் கை தன்னையறியாமல் மேசைத் துணியைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"பாலீஷ் போட்ட பையன் வருவதில்லையா?" என்று கேட்டேன்.

"அவன் எதற்கு சார் வரப்போகிறான்? செத்த பிறகும் வேலை பார்ப்பானா?"

எனக்கு அந்தப் பதில்தான் கதையைவிடப் பிடித்தது. மலை ஓட்டல்களில் நான் கேள்விப்பட்ட ஆவிகள் எல்லாமே துரைகள், துரைசானிகள். சாலை போட்டவர்களும் தேயிலைக்குக் காடு வெட்டியவர்களும் ஆவியாகக்கூட இடம் பெறவில்லை. நடுவட்டத்தில், மலேரியா மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனா மரத் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்த கைதிகளை அடைத்துவைத்த சிறை இன்றும் நிற்கிறது. அங்கே இரவு தங்க ஒருவரும் பணம் கட்டப்போவதில்லை. அத்தையின் கவலை வேறு. "துரைக்கு வேப்பிலை தெரியுமா? நம் ஊர் முனி என்றாலாவது ஒரு வழி சொல்லலாம்."

நள்ளிரவில் சத்தம் கேட்கத்தான் செய்தது. பகல் வெயிலில் விரிந்த தகரக் கூரை குளிரில் சுருங்கும்போது படீரென்று ஒலிக்கிறது. தேக்குப் பலகையும் தன் பங்குக்கு முனகுகிறது. ஆனால் மேற்கூரைப் பலகைமேல் தடதடவென்று ஓடியது மரநாய். காலையில் வராந்தாக் கைப்பிடியில் பழக்கொட்டைகள் நிறைந்த எச்சம் கிடந்தது. காவலாளியிடம் துரையைப் பற்றிக் கேட்டதற்கு அவர் டார்ச்சை அணைக்காமலே சொன்னார்: "எனக்குப் பயம் காட்டெருமைதான் சார். போன வாரம் அந்த ஹைட்ரேஞ்சியா செடி பக்கத்திலேயே நின்றது."

மறுநாள் புனித ஸ்டீபன் தேவாலயத்துக்குப் போனோம். 1830-இல் அர்ப்பணிக்கப்பட்ட கோயில். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த திப்புவின் அரண்மனையைப் பிரித்து எடுத்த மரங்கள்தாம் உள்ளே உத்தரங்களாக நிற்கின்றன. ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் பின்புறக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை, கூட்டமும் இல்லை. அங்கிருந்தவர் கேட்டதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னார். இந்தப் பயணத்தில் எனக்குக் கிடைத்த ஆகச் சிறந்த சேவை அதுதான்.

கிளம்பும்போது பில்லில் அணையாமல் புகைந்த விறகுக்கும் சேர்த்து ஜி.எஸ்.டி. போட்டிருந்தார்கள். அதை நீக்கச் சொன்னேன், நீக்கினார்கள். போகிறவர்கள் பழைய பகுதி அறைதானா, வெந்நீர் எந்த நேரம் என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கதை வேண்டுமானால் தேநீர் கொண்டுவருபவரிடம் கேளுங்கள், டிப்ஸைக் கையிலேயே கொடுங்கள்.