வண்ணாரப்பேட்டையில் ஸ்பார்க் பிளக் மாற்றிய கதை

வெளிநாட்டிலிருந்து ஊருக்குப் போய்வந்தவர்கள் பாஸ்போர்ட், வங்கி, பல் டாக்டர் பற்றியெல்லாம் நிறைய எழுதிவிட்டார்கள். வண்டி ரிப்பேர் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை, அதனால் இது.

பழைய வண்ணாரப்பேட்டையில் சித்தப்பாவிடம் ஒரு மாருதி ஆம்னி இருக்கிறது. எம்.சி. ரோடு கடைகளுக்கு ரெடிமேட் பண்டல் ஏற்றுகிற வண்டி. 2019-இல் கம்பெனியே ஆம்னி தயாரிப்பை நிறுத்திவிட்டது, சித்தப்பா ஓட்டுவதை நிறுத்தவில்லை. நான் போயிருந்த நேரம் வண்டி மிஸ்ஸிங் அடித்துக்கொண்டிருந்தது. 796 சிசி, மூன்றே சிலிண்டர், ஒவ்வொன்றிலும் பெட்ரோலைப் பற்றவைக்க ஒரு ஸ்பார்க் பிளக். ஒரு சிலிண்டர் சரியாக எரியாவிட்டாலும் சீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு உடம்பு முழுக்க அதிரும்.

வீட்டுக்கே வந்து செய்து தருவோம் என்று விளம்பரம் செய்கிற ஒரு ஆப்பில் முதலில் பதிவு செய்தேன். குறித்த நேரம் தாண்டி ஒரு பையன் போன் செய்தான். தெருவுக்குள் தங்கள் சர்வீஸ் வேன் நுழையுமா என்றான். நுழையாது என்றதும் ஆர்டர் ரத்து. பணம் உடனே திரும்பி வந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் சித்தப்பா வழக்கமாகக் கூப்பிடும் மெக்கானிக் பாயைக் கூப்பிட்டார். காலையில் வருகிறேன் என்றவர் மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகுதான் வந்தார், எக்ஸ்.எல். வண்டியில் ஒரு சாக்குப்பையோடு. வந்ததும் முதல் கேள்வி, “வண்டி எப்ப சார் கடைசியா ஓடிச்சு?” எஞ்சின் சூடாக இருந்தால் பிளக்கைத் தொட மாட்டாராம். பிளக் மாட்டியிருக்கும் எஞ்சின் ஹெட் அலுமினியம், சூட்டோடு கழற்றினால் திருகு மரை போய்விடும்.

ஆம்னிக்கு எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில். இரண்டு பக்கமும் சுவர் நெருக்குகிற சந்தில் கதவைத் திறந்து சீட்டைத் தூக்கிவிட்டால் வேலை நடக்கும், பானெட் திறக்க முன்னால் இடம் தேட வேண்டியதில்லை. பாய் சைக்கிள் பம்பை எடுத்துப் பிளக்கைச் சுற்றியிருந்த புழுதியை ஊதித் தள்ளினார். கழற்றும்போது ஒரு மணல் துணுக்கு உள்ளே விழுந்தால் சிலிண்டரைக் கீறிவிடும். ஒயரையும் ஒவ்வொன்றாகத்தான் பிடுங்கினார், இடம் மாறக்கூடாது என்பதற்காக.

கழற்றிய மூன்றையும் தினத்தாள் மேல் வரிசையாக வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். முதல் இரண்டின் நுனி தவிட்டு நிறம், முனை மட்டும் தேய்ந்து மழுங்கியிருந்தது. மூன்றாவது கன்னங்கரேல் என்று, தொட்டால் விரலில் ஒட்டியது. வறண்ட கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, இப்படி எண்ணெய்ப் பிசுக்கு என்றால் ஆயில் உள்ளே இறங்குகிறது, ஆயிலைத் தடுக்கிற வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ போயிருக்கும் என்றார். “பிளக்க மாத்தினா இன்னிக்கு ஓடும் சார். ஆனா இது மட்டும் மறுபடி கறுக்கும், அப்ப என்னத் திட்டாதீங்க.”

டொராண்டோவில் என் காரின் பழைய பிளக்கை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. அங்கே பில்லில் ஒரு வரியாக வரும், அவ்வளவுதான். இரிடியம் பிளக் ஒரு லட்சம் கிலோமீட்டருக்கு மேல் உழைக்கும் என்பதால் பலர் அதை மாற்றுவதற்குள் காரையே விற்றுவிடுகிறார்கள்.

சித்தப்பா எங்கோ மலிவாக வாங்கி வைத்திருந்த பிளக்குகளைப் பாய் வாங்கிப் பார்த்தார். மரையில் இருந்த வளையம் கையோடு கழன்று வந்தது, பீங்கானில் எழுத்து இழுவியிருந்தது. டூப்ளிகேட். டி.எச். ரோட்டில் அவர் சொன்ன ஸ்பேர்ஸ் கடைக்கு நானே போய் என்.ஜி.கே. கம்பெனி பிளக் வாங்கிவந்தேன். பாய் ஃபீலர் கேஜ் என்கிற மெல்லிய அளவுத் தகடு வைத்து மூன்றுக்கும் முனை இடைவெளி பார்த்தார். பிறகு ஒரு துண்டு ரப்பர் ட்யூபைப் பிளக்கின் தலையில் மாட்டி, அதைப் பிடித்துத் திருகினார். மரை கோணலாக ஏறினால் ட்யூப் வழுக்கிச் சுற்றும், பிளக் நகராது. கையாலேயே முழுக்க இறங்கிய பிறகு, ஸ்பானரால் அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் கூடுதல். புது வளையம் நசுங்கி உட்கார அது போதும்.

நடுவே பக்கத்து வீட்டு டாடா ஏஸ்காரர் எட்டிப் பார்த்து, “அப்டியே நம்ம வண்டிக்கும் மாத்தி வுடு பாய்” என்றார். அவருடையது டீசல், அதற்கு ஏது ஸ்பார்க் பிளக்? பாய் தலையைத் தூக்காமலே, “மொதல்ல பெட்ரோல் வண்டி வாங்கினு வாங்க” என்றார்.

கூலி 300 ரூபாய். ரசீது கிடையாது, கேரண்டி கிடையாது. அதெல்லாம் வேண்டும் என்பவர்கள் கம்பெனி சர்வீஸுக்கே போகலாம். பழைய வண்டி, குறுகலான தெரு என்றால் நான் பாயைத்தான் சொல்வேன், பொருளை மட்டும் நீங்களே கடையில் பார்த்து வாங்கிக்கொடுங்கள்.

வண்டி இப்போது நடுக்கமில்லாமல் ஓடுகிறது. வால்வு சீல் வேலையைப் பொங்கல் வியாபாரம் முடியட்டும் என்று சித்தப்பா தள்ளிவைத்திருக்கிறார். அதுவரை வாரம் ஒருமுறை ஆயில் ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கச் சொல்லியிருக்கிறார் பாய். சித்தப்பா பார்க்க மாட்டார், அந்த வேலையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.