சி.டி.ஆர்.ஐ. இணையதளம்: ஆராய்ச்சியில் சேருமுன் பார்க்க வேண்டியது

ஜிப்மரிலோ வேறு ஆஸ்பத்திரியிலோ "ஒரு ஆராய்ச்சி நடக்குது, சேர்ந்துக்குறீங்களாம்மா?" என்று கேட்டால், அவர்கள் தரும் தகவல் தாளில் சி.டி.ஆர்.ஐ. (இந்தியாவில் நடக்கும் மருத்துவ ஆய்வுகளின் பதிவேடு) எண் இருக்கிறதா பாருங்கள். ஆண்டு, மாதம், வரிசை எண் என்று சாய்கோடு போட்டு இருக்கும். மருந்துச் சோதனைகளை 2009 ஜூன் 15 முதல் இந்தப் பதிவேட்டில் ஏற்றுவது கட்டாயம். மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆர். நடத்துகிறது, பார்க்கக் காசில்லை.

இணையதளத்தில் அந்த எண்ணைத் தேடினால் ஆய்வின் பக்கம் நீளமாக விரியும். முதலில் ஆய்வு நடக்கும் இடங்களுக்குப் போங்கள். உங்கள் ஆஸ்பத்திரி பெயர் அங்கே இல்லையென்றால், கையெழுத்துப் போடாமல் டாக்டரிடம் காரணம் கேளுங்கள். நோயாளிகளின் பாதுகாப்பையும் உரிமையையும் பார்க்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்ததா என்பதும் தெரியும். அடுத்து ஒப்பீட்டு சிகிச்சை: புது மருந்து கிடைக்காத பிரிவில் விழுந்தால் வழக்கமான மருந்தா, மருந்தே இல்லாத வெறும் மாத்திரையா என்பது இங்கேதான் தெரியும். நிறையப் பேர் கவனிக்காமல் விடும் இடம் இது. யாரைச் சேர்க்க மாட்டார்கள் என்ற பகுதியையும் படியுங்கள். சிறுநீரகக் கோளாறு, கர்ப்பம், சாப்பிடும் மற்ற மாத்திரை எதையும் மறைத்தால் ஆபத்து நமக்குத்தான்.

பெரிய குறை, எல்லாமே ஆங்கிலம். கடலூர் கிராமத்துப் பாட்டிக்கு யாராவது படித்துச் சொல்ல வேண்டும். "ஆள் சேர்ப்பு நடக்கிறது" என்ற நிலையையும் ஆராய்ச்சியாளர்கள் உடனே மாற்றுவதில்லை.

நஷ்டஈடு, பஸ் செலவு விவரத்தைத் தகவல் தாளில்தான் தேட வேண்டும். தமிழ்த் தாள் கேளுங்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி உடனிருக்க வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகலை வாங்காமல் கிளம்பாதீர்கள்.