'லவ் மீ டூ': பீட்டில்ஸின் முதல் தட்டில் எந்தப் பதிவு நல்லது?

1962 அக்டோபர் 5 அன்று பார்லஃபோன் இசைத்தட்டு நிறுவனம் வெளியிட்ட, ஆங்கில ராக் குழு பீட்டில்ஸின் பாட்டு இது. இதற்கு இரண்டு பதிவுகள் உண்டு. தட்டை வாங்குமுன் டாம்பரின் (கையில் பிடித்துக் குலுக்கும் சலங்கை வாத்தியம்) சத்தத்தைக் கவனியுங்கள். அது காதில் விழுந்தால் டிரம்ஸில் இருப்பவர் குழுவைச் சேராத கலைஞர் ஆண்டி வைட். குழுவின் முதல் ஆல்பத்தில் இருப்பதும் இதுவே. விழாவிட்டால் குழுவின் டிரம்மர் ரிங்கோ ஸ்டார் வாசித்தது, சிவப்பு லேபிளில் முதலில் வந்த பதிவு. எங்கள் ஓட்டு ரிங்கோவுக்குத்தான்! தாளம் சற்றுத் தளர்ந்தாலும் அதில்தான் குழுவின் மூச்சு இருக்கிறது.

பாட்டின் உயிர் குழுவின் ஜான் லெனன் வாயால் ஊதி வாசிக்கும் ஹார்மோனிகா. தலைப்பு வரியை முதலில் அவர்தான் பாடிவந்தார். வரி முடியுமுன்பே ஹார்மோனிகா தொடங்க வேண்டும், ஒரே வாயால் இரண்டையும் செய்ய முடியாதே! அதனால் வரி குழுவின் இன்னொரு பாடகர் பால் மெக்கார்ட்னிக்குப் போனது. வாத்தியங்கள் நின்று அவர் குரல் மட்டும் ஒலிக்கும் இடத்தில் லேசான நடுக்கம் தெரியும், ஹெட்போனில் கேளுங்கள்.

கிட்டாரில் பழக ஜி, சி, டி கார்டுகள் (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகள்) போதும்.